அடுத்த செட் எப்போது?

எடைப் பயிற்சியில் ஒரு செட்டை (இடைவிடாமல் அடுத்தடுத்து எடை தூக்குவதை) முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதற்குள் எவ்வளவு நேரம் விடலாம்? இதைச் சுற்றியே கேள்விகள் குவிந்திருப்பதால் இம்முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: எங்கள் ஜிம் டிரெய்னர் “30 நொடிக்கு மேல் உட்காராதே, தசை ஆறிப்போகும்” என்று விரட்டுகிறார். அதே ஜிம்மில் ஒருவர் செட்டுக்கு 4 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். எங்களில் அதிக எடை தூக்குபவர் அவர்தான். யார் சொல்வது சரி?

நான்கு நிமிடக்காரர் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் அவரையும் எல்லாப் பயிற்சிக்கும் பின்பற்ற வேண்டியதில்லை. அதைக் கீழே இன்னொரு கேள்வியில் பார்ப்போம்.

ஒழுங்காக வார்ம்-அப் செய்த தசை மூன்று நான்கு நிமிடத்தில் ஆறிவிடாது. அந்த நேரத்தில் உள்ளே ஒரு முக்கியமான வேலை நடக்கிறது. கனமான எடையைத் தூக்கும் முதல் சில நொடிகளுக்கான எரிபொருள் பாஸ்போகிரியேட்டின். அது தசைக்குள்ளேயே கொஞ்சமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். முழு வேகத்தில் செலவழித்தால் 10 நொடி தாங்கும். ஒரு கடினமான செட் முடிந்ததும் அதில் பெரும்பகுதி காலி. முதல் அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். மீதிதான் சோம்பேறி, கிட்டத்தட்ட முழு அளவுக்கு வர 3 முதல் 5 நிமிடம் பிடிக்கும். இப்படி நிரம்புவதற்கு ஆக்ஸிஜன் தேவை. கை கால்களில் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை அடைத்து வைத்துப் பார்த்த சோதனைகளில், ஓய்வு நேரம் ஓடியதே தவிர பாஸ்போகிரியேட்டின் ஏறவில்லை. செட் முடிந்ததும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறதே, அந்த மூச்சுதான் காலியான தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறது. அதை 30 நொடியில் நிறுத்தினால் பாதித் தொட்டியோடுதான் அடுத்த செட்டுக்குப் போகிறீர்கள்.

நோட்டுப் புத்தகத்தில் இது எப்படித் தெரியும்? பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் படுத்துக் கம்பியை நெஞ்சுக்கு மேல் தள்ளுவது) 60 கிலோவை அதிகபட்சம் 10 முறை தூக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட ஓய்வில் அவருடைய மூன்று செட்டும் 10, 7, 5 என்று சரிவது சகஜம். அவரே மூன்று நிமிடம் காத்திருந்தால் 10, 9, 8 வரை போகலாம். ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப். முதல் கணக்கில் 22 ரெப், அதாவது மொத்தம் 1,320 கிலோ. இரண்டாவதில் 27 ரெப், 1,620 கிலோ. அதே ஆள், அதே கம்பி, அதே மூன்று செட். வித்தியாசம் 300 கிலோ. வாரம் இருமுறை, மாதக்கணக்கில் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஒரு பெஞ்சுக்கு ஆறு பேர் காத்திருக்கும் மாலை நேரத்தில் 30 நொடி விதி டிரெய்னருக்கு வசதிதான். உங்கள் நெஞ்சுத் தசைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

கேள்வி: நீண்ட ஓய்வு எடுத்தால் ‘பம்ப்’ இறங்கிவிடுகிறது, வியர்வையும் வருவதில்லை. குறைந்த ஓய்வில்தான் குரோத் ஹார்மோன் அதிகம் சுரக்கும், அதனால்தான் தசை வளரும் என்கிறார்களே?

ஹார்மோன் சுரப்பது உண்மை. அதனால்தான் தசை வளர்கிறது என்பதுதான் நிற்கவில்லை.

இந்த நம்பிக்கை காற்றில் பிறந்ததல்ல. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கிரேமரின் குழு, 10 ரெப் மட்டுமே தூக்க முடிகிற எடையில் ஒரு நிமிட ஓய்வோடு பயிற்சி செய்தவர்களுக்குக் குரோத் ஹார்மோன் நன்றாக ஏறுவதைக் காட்டியது. பிறகு ஏறத்தாழ இருபது வருடம் ‘உடம்பு ஏற ஒரு நிமிடம், பலம் ஏற மூன்று நிமிடம்’ என்பதே ஜிம்களின் வாய்ப்பாடாக இருந்தது. அந்த ஏற்றம் பயிற்சி முடிந்த சிறிது நேரத்திலேயே அடங்கிவிடும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் சாமர்த்தியமாகச் சோதித்தார்கள். ஒரே ஆளின் இரண்டு கைகளையும் வெவ்வேறு நாளில் பழக்கினார்கள். ஒரு கைக்கு வெறும் பைசெப்ஸ் பயிற்சி மட்டும். மறு கைக்கும் அதே பயிற்சி, ஆனால் முடித்த உடனேயே கடுமையான கால் பயிற்சி. அதனால் ரத்தத்தில் ஹார்மோன் எகிறும். 15 வாரம் கழித்து அளந்தால், ஹார்மோன் வெள்ளத்தில் குளித்த கைக்கும் மற்றக் கைக்கும் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. பலத்திலும் இல்லை. 2010-ல் வந்த முடிவு இது.

ஓய்வு நேரத்தையே நேரடியாக ஒப்பிட்டதில் அதிகம் பேசப்படுவது பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவின் 2016 ஆய்வு. ஏற்கெனவே பயிற்சி உள்ள 21 இளைஞர்கள்; 7 பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 ரெப்பில் 3 செட்; வாரம் மூன்று நாள், 8 வாரம். பாதிப் பேருக்கு 1 நிமிட ஓய்வு, மீதிப் பேருக்கு 3 நிமிடம். ஸ்குவாட் (தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் பலம் இரண்டிலும் 3 நிமிடக் குழு முந்தியது. முன்தொடைத் தசையின் தடிமனிலும் அதுவே முன்னால்.

அதற்காக ‘எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது’ என்று ஓடிவிடாதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2024-ல் வெளியான கட்டுரையின்படி, தசைப் பருமனைப் பொறுத்தவரை ஒரு நிமிடத்தைத் தாண்டினால் சின்ன லாபம் உண்டு. 90 நொடிக்கு மேல் போனால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கூடவில்லை. பலம்தான் குறிக்கோள் என்றால் அதற்கு மேலும் காத்திருப்பதில் பயன் இருக்கிறது.

பம்ப் என்பது தசைக்குள் தற்காலிகமாகத் தேங்கும் ரத்தமும் நீரும். பார்க்க நன்றாக இருக்கும், தப்பில்லை. வேண்டுமென்றால் கடைசிப் பயிற்சியில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். மின்விசிறி நின்றாலும் வியர்க்கும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல், எந்தப் பயிற்சிக்கு எத்தனை நிமிடம் என்று சொல்லிவிடுங்களேன்.

சொல்லிவிடலாம். 1 முதல் 5 ரெப்புக்குள் முடியும் கனமான ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் பிரஸ்ஸுக்கு 3 முதல் 5 நிமிடம். அதே பயிற்சிகளை 6 முதல் 12 ரெப் செய்தால் 2 முதல் 3. ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), ஷோல்டர் பிரஸ், புல்-அப், லாட் புல்-டவுன் போன்றவற்றுக்கு 2 நிமிடம் போதும். ஒரே மூட்டு அசையும் சின்னப் பயிற்சிகளான பைசெப்ஸ் கர்ல், ட்ரைசெப்ஸ் புஷ்-டவுன், பக்கவாட்டில் டம்பெல் தூக்குவது, கெண்டைக்கால் பயிற்சி ஆகியவற்றுக்கு 60 முதல் 90 நொடி.

இந்த எண்கள் தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. கடிகாரத்துக்கு உங்கள் உடம்பு தெரியாது. 20 ரெப் ஸ்குவாட்டையே பாருங்கள். அட்டவணைப்படி எடை குறைவுதான், ஆனால் 3 ரெப் ஸ்குவாட்டைவிட நுரையீரலை அதிகம் பிழிவது இதுதான். அதன்பின் 2 நிமிடத்தில் மறுபடி கம்பிக்கு அடியில் நுழைந்தால் என்ன ஆகும்? பத்தாவது ரெப்பில் தொடை இன்னும் தெம்பாக இருக்கும், மூச்சுதான் முட்டும். கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிடுவீர்கள். செட் முடிந்தது, ஆனால் தொடைக்கு வேலையே ஆகவில்லை. பயிற்சி கொடுக்க நினைத்த தசை களைக்கும் முன் வேறு ஏதோ களைத்துப்போவதுதான் ஓய்வு போதாததன் முதல் அறிகுறி. டெட்லிஃப்ட்டில் இப்படிக் காட்டிக்கொடுப்பது உள்ளங்கைப் பிடி. குனிந்து செய்யும் ரோயிங்கில் கீழ்முதுகு.

அடுத்த செட்டைத் தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. நடுவில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? இப்போது செய்த தசையில் எரிச்சல் அடங்கிவிட்டதா? பிடி, கீழ்முதுகு மாதிரித் துணைத் தசைகள் தயாரா? ‘ஐயோ, இன்னொன்றா’ என்ற சலிப்பு போய், தூக்கலாம் என்று மனம் வந்துவிட்டதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் கடிகாரம் என்ன சொன்னாலும் தொடங்கலாம். அட்டவணைப்படி நேரம் முடிந்தும் ஒன்றுக்கு இல்லை என்றால் இன்னொரு 30 நொடி விடுங்கள்.

செட் முடிந்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. முந்தைய செட்டைவிட ரெப் எத்தனை குறைந்தது? பத்துக்கு ஒன்பதோ எட்டோ வந்தால் ஓய்வு சரி. பத்து ஆறாகிவிட்டால் அடுத்த முறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். மூன்று செட்டிலும் ரெப் ஒன்றுகூடக் குறையாமல் 10, 10, 10 என்று சுலபமாக வந்தால், கோளாறு ஓய்வில் இல்லை, எடை போதவில்லை.

கேள்வி: வேலை முடிந்து ஜிம்முக்கு வந்தால் கையில் இருப்பது 45 நிமிடம். செட்டுக்கு 3 நிமிடம் உட்கார்ந்தால் பாதிப் பயிற்சிகூட முடியாதே?

ஒரு பயிற்சியை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும் பழக்கத்தை விட்டுவிட்டு, எதிரெதிர் தசைகளை ஜோடி சேருங்கள். நெஞ்சு தள்ளும்போது முதுகு சும்மா இருக்கிறது; முதுகு இழுக்கும்போது நெஞ்சு சும்மா இருக்கிறது. ஒன்றின் ஓய்விலேயே மற்றதன் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

பெஞ்ச் பிரஸ் ஒரு செட், 40 நொடி என்று வைத்துக்கொள்வோம். 75 நொடி ஓய்வு. அடுத்து ரோயிங் ஒரு செட், 40 நொடி. மறுபடி 75 நொடி. திரும்ப பெஞ்ச் பிரஸ். இதில் நெஞ்சுக்குக் கிடைக்கும் ஓய்வு எவ்வளவு? 75, 40, 75, மொத்தம் 190 நொடி. மூன்று நிமிடத்துக்கும் மேல்! இப்படி மூன்று சுற்று முடிக்க, அதாவது ஆறு செட்டுக்கு, ஆகும் நேரம் பதினொன்றரை நிமிடம். அதே ஆறு செட்டைத் தனித்தனியாக 3 நிமிட ஓய்வில் செய்திருந்தால் 22 நிமிடம்.

45 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். வார்ம்-அப் 6 நிமிடம். பிறகு ஸ்குவாட், தனியாக: இரண்டு லேசான செட், அதன்பின் 3 நிமிட ஓய்வில் மூன்று முழு செட், தட்டு மாற்றும் நேரம் உட்பட 12 நிமிடம். அடுத்து மேலே சொன்ன பெஞ்ச்–ரோயிங் ஜோடி, பதினொன்றரை. பிறகு ஷோல்டர் பிரஸ்ஸும் லாட் புல்-டவுனும் ஜோடியாக, நடுவில் 60 நொடி விட்டு மூன்று சுற்று, 10 நிமிடம். மிச்சமிருக்கும் நேரத்தில் பைசெப்ஸும் ட்ரைசெப்ஸும் இரண்டு சுற்று, 30 நொடி வேலை, 30 நொடி ஓய்வு என 4 நிமிடம். மொத்தம் நாற்பத்து மூன்றரை.

ஜோடி சேர்ப்பதில் பொருத்தம் பார்க்க வேண்டும். ஸ்குவாட்டையும் டெட்லிஃப்ட்டையும் சேர்த்தால் இரண்டும் கெடும். இரண்டுமே தொடை, கீழ்முதுகு, மூச்சு எல்லாவற்றையும் கேட்பவை. டெட்லிஃப்ட்டோடு புல்-அப் வேண்டாம், பிடி தாங்காது. டெட்லிஃப்ட்டோடு குனிந்து செய்யும் ரோயிங்கும் வேண்டாம், கீழ்முதுகுக்கு ஓய்வே கிடைக்காது. நெஞ்சுக்கும் ட்ரைசெப்ஸுக்கும் ஜோடி போடுவது பலர் செய்யும் தவறு. பெஞ்ச் பிரஸ்ஸில் கணிசமான வேலை ட்ரைசெப்ஸுடையது. அதைக் களைக்க வைத்துவிட்டு அடுத்த பெஞ்ச் செட்டுக்குப் போனால் நெஞ்சுக்கு நஷ்டம். கூட்ட நேரத்தில் இரண்டு மெஷினைப் பிடித்து வைத்திருந்தால் சண்டை வரும். ஒரு பெஞ்ச், ஒரு ஜோடி டம்பெல் என்று ஓர் இடத்திலேயே முடியும் ஜோடியாகப் பாருங்கள். டம்பெல் பிரஸ்ஸும், பெஞ்சில் ஒரு கை ஊன்றிச் செய்யும் டம்பெல் ரோவும் அப்படிப்பட்டவை.

கேள்வி: வார்ம்-அப் செட்டுகளுக்கு நடுவே?

தட்டு மாற்றும் நேரமே போதும். கடைசி வார்ம்-அப்புக்கும் முதல் முழு செட்டுக்கும் இடையில் மட்டும் 2 நிமிடம் விடுங்கள்.

கேள்வி: ஓய்வு நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? உட்காரலாமா, நடக்கலாமா? செய்த தசையை நீட்டி ஸ்ட்ரெச் செய்யச் சொல்கிறார்கள்.

கால் பயிற்சிக்குப் பிறகு முதல் ஒரு நிமிடம் மெதுவாக நடங்கள். தொடையிலும் கெண்டைக்காலிலும் ரத்தம் நிறைந்திருக்கும். நடக்கும்போது அந்தத் தசைகள் சுருங்கிச் சுருங்கி அதை மேலே தள்ளும். லெக் பிரஸ்ஸிலிருந்து சட்டென்று எழுந்து சிலை மாதிரி நிற்பவர்களுக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வரும். மூச்சு அடங்கியபின் உட்காரலாம். மேல் உடம்புப் பயிற்சிக்கு உட்கார்வதும் நடப்பதும் ஒன்றுதான். குனிந்து முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்குவதை அநாகரிகம் என்று சிலர் தடுப்பார்கள். மூச்சை வேகமாக அடக்க அது உதவவே செய்கிறது. தாராளமாகக் குனியுங்கள்.

ஸ்ட்ரெச் விஷயத்தில் கவனம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து வைத்தால் அடுத்த செட்டில் பலம் குறையும். உடனே செய்யப்போகும் தசைக்கு அது வேண்டாம். பெஞ்ச் பிரஸ் நடுவே இடுப்பையோ கணுக்காலையோ நீட்டிக்கொள்வதில் கெடுதல் இல்லை, நேரமும் மிச்சம்.

தண்ணீர் இரண்டு வாய் போதும். வயிறு குலுங்கக் குடித்துவிட்டு டெட்லிஃப்ட்டுக்குக் குனிந்தால் தெரியும் சேதி.

செல்போனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2 நிமிட ஓய்வை 6 நிமிடமாக்கும் ஒரே கருவி அதுதான். அதிலேயே டைமர் வைத்து, திரை கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: தொப்பையைக் குறைக்க வேண்டும். எடைப் பயிற்சியில் ஓய்வைக் குறைத்தால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்று 20 நொடி ஓய்வில் செய்துவருகிறேன். சரிதானே?

இல்லை. உடம்பு இளைக்கும் காலத்தில் எடைப் பயிற்சிக்கு ஒரே ஒரு வேலைதான்: ‘இந்தத் தசை தேவைப்படுகிறது, கரைத்துவிடாதே’ என்று உடம்புக்குச் சொல்வது. அந்தச் செய்தி கனமான எடை மூலமாகத்தான் போகும். 20 நொடி ஓய்வில் நீங்கள் முன்பு தூக்கிய எடையைத் தூக்கவே முடியாது. 20 கிலோ டம்பெல் 12 ஆகும், பிறகு 10 ஆகும். குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு எடையையும் குறைத்தால் உடம்புக்குத் தசையை வைத்துக்கொள்ள என்ன காரணம் இருக்கிறது?

ஓய்வைக் குறைப்பதால் கூடுதலாகச் செலவாகும் கலோரியும் மிகக் கொஞ்சம். கொழுப்பைக் குறைப்பது உணவின் அளவு. அதற்குத் துணையாக இதயத்துக்கான பயிற்சி வேண்டுமென்றால் வேக நடையோ சைக்கிளோ தனியாக 20, 30 நிமிடம் செய்யுங்கள். எடைப் பயிற்சியை அரைகுறை ஓட்டமாக மாற்றினால் ஓட்டமும் உருப்படாது, தசையும் நிற்காது.

கேள்வி: என் மனைவியும் நானும் சேர்ந்து பயிற்சி செய்கிறோம். அவர் ஒன்றரை நிமிடத்தில் அடுத்த செட்டுக்குத் தயார். எனக்கு 3 நிமிடம் ஆகிறது. எனக்கு ஸ்டாமினா குறைவா?

கவலை வேண்டாம். அவரவர் திறனுக்கு ஏற்ற எடையில் செய்யும்போது சராசரியாகப் பெண்களின் தசை மெதுவாகக் களைக்கும், சீக்கிரம் மீளும். நீங்கள் தூக்கும் எடையும் அதிகமாக இருக்கும். அதிக எடைக்கு மூச்சும் அதிகம் செலவாகும். மாறி மாறிச் செய்யும்போது அவருடைய வேகத்துக்கு நீங்கள் ஓடாதீர்கள். உங்கள் இரண்டு செட்டுக்கு நடுவே அவர் வேறு ஒரு சின்னப் பயிற்சியைச் செருகிக்கொள்ளட்டும்.

கேள்வி: வீட்டில் 10 கிலோ டம்பெல் ஒரு ஜோடி மட்டும்தான் இருக்கிறது. இப்போது அது லேசாகிவிட்டது. ஓய்வைக் குறைத்துக் கடினமாக்கலாமா?

குறைந்த ஓய்வு உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இதுதான். லேசான எடையை 20 முறை தூக்கும்போது முதல் பன்னிரண்டு பதினைந்து ரெப் தசையைச் சூடேற்றும் வேலைதான். களைப்பு ஏற ஏறத்தான், அதுவரை சும்மா இருந்த பெரிய தசை நார்களையும் உடம்பு வேலைக்கு அழைக்கும். கடைசி ஐந்தாறு ரெப்பில்தான் விஷயம். அந்த நிலைக்கு ஒருமுறை வந்தபின் முழு ஓய்வு கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து பதினைந்து ரெப் ஏறி வர வேண்டும். முழு ஓய்வு கொடுக்காமல் அங்கேயே நின்றுகொள்ளும் உத்திக்கு ரெஸ்ட்-பாஸ் என்று பெயர்.

ஷோல்டர் பிரஸ்ஸில் செய்து பாருங்கள். இன்னும் ஒன்று இரண்டுதான் முடியும் என்ற இடம்வரை தூக்குங்கள். 18 வந்தது என்று வைத்துக்கொள்வோம். டம்பெல்லைத் தொடையில் இறக்கி, ஐந்தாறு ஆழ்ந்த மூச்சு, சுமார் 20 நொடி. மறுபடி தூக்கினால் 5 வரும். 20 நொடி. 4 வரும். 20 நொடி. 3. அடுத்து இரண்டுதான் வரும் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தத் தொடர் முழுவதும் ஒரே செட் என்று எண்ணிக்கொண்டு, 3 நிமிடம் நன்றாக ஓய்வெடுத்து இன்னொரு தொடர் போதும்.

இறக்கும்போது 3 நொடி எடுத்துக்கொள்வதும், கால் பயிற்சிகளை ஒற்றைக் காலில் செய்வதும் இதே டம்பெல்லுக்கு இன்னும் சில மாதம் உயிர் கொடுக்கும். ஜிம்மில் கனமான எடை இருக்கும்போது ஸ்குவாட், டெட்லிஃப்ட்டில் ரெஸ்ட்-பாஸ் வேண்டாம். களைத்த முதுகு வளையத் தொடங்கியதை 20 நொடியில் சரிசெய்ய முடியாது.

கேள்வி: ஒற்றைக் கை, ஒற்றைக் கால் பயிற்சிகளில் ஓய்வை எப்படிக் கணக்கிடுவது?

டம்பெல் ரோ போன்றவற்றில் வலக்கை முடித்து இடக்கை செய்யும் 40 நொடி, வலக்கைக்கு ஓய்வுதான். இரண்டும் முடிந்தபின் 60 முதல் 90 நொடி விட்டால் சரி. ஒற்றைக் கால் ஸ்குவாட்டும் லஞ்சும் (ஒரு காலை முன்னால் வைத்து இறங்கி எழுவது) வேறு கதை. அங்கே மூச்சு இரண்டு காலுக்கும் பொது. ஒரு கால் முடித்ததும் அரை நிமிடமாவது நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுகாலுக்குப் போங்கள். இல்லாவிட்டால் எப்போதும் இரண்டாவதாகச் செய்யும் காலுக்குக் குறைந்த ரெப்தான் கிடைக்கும். பலவீனமான காலை முதலில் செய்வது நல்லது.

கேள்வி: வயது 58. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். மருத்துவர் எடைப் பயிற்சிக்கு அனுமதித்திருக்கிறார். செட் முடிந்து எழும்போது சில நேரம் தலை சுற்றுகிறது. ஓய்வைக் கூட்டினால் போதுமா?

முதல் வேலையாக இந்தத் தலைசுற்றலை அந்த மருத்துவரிடமே சொல்லுங்கள். மாத்திரையின் அளவோ நேரமோ மாற வேண்டியிருக்கலாம். அதை இங்கிருந்து சொல்ல முடியாது. நெஞ்சில் அழுத்தம், படபடப்பு, மூச்சு அடங்காமை சேர்ந்து வந்தால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செட்டின்போது நடப்பது இதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இனி முடியாது என்ற நிலைவரை தள்ளும்போது ரத்த அழுத்தம் மிகப் பெரிய அளவுக்கு ஏறும். தமனிக்குள்ளேயே கருவி வைத்து 5 பாடிபில்டர்களை அளந்த 1985 ஆய்வில், இரு கால் லெக் பிரஸ்ஸின்போது சராசரி 320/250 வரை போனது. அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். எடையை வைத்த சில நொடிகளில் அது மளமளவென்று இறங்கும். சிலருக்கு வழக்கமான அளவுக்கும் கீழே போகும். எழுந்ததும் வரும் தலைசுற்றல் பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான்.

ஆகவே உங்களுக்கு ஓய்வின் நீளத்தைவிட செட்டை முடிக்கும் விதம் முக்கியம். 10 முதல் 15 முறை தூக்கக்கூடிய எடையாக எடுத்து, இன்னும் மூன்று ரெப் பாக்கி இருக்கும்போதே நிறுத்துங்கள். தள்ளும்போது வாய்வழியே மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். முடித்ததும் அரை நிமிடம் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுந்திருங்கள். ஓய்வு 2 முதல் 3 நிமிடம். நாடித் துடிப்பு இறங்கியதை வைத்து ஓய்வை முடிவு செய்யாதீர்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பைத் தாழ்வாகவே வைத்திருக்கும், நீங்கள் தயார் என்று பொய் சொல்லும். பேச்சுச் சோதனைதான் உங்களுக்குச் சரி.

கேள்வி: போன மாதம் 50 கிலோவில் 8 ரெப், இப்போது 10. ஆனால் ஓய்வு 2 நிமிடத்திலிருந்து 4 நிமிடமாகிவிட்டது. இது முன்னேற்றமா?

பாதி. எவ்வளவு உங்கள் பலம், எவ்வளவு கூடுதல் ஓய்வின் கொடை என்று இனிப் பிரிக்க முடியாது. முதல் செட்டை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்; அதற்கு முன் செட் ஓய்வின் பாதிப்பு இல்லை. முதல் செட்டிலேயே 8 என்பது 10 ஆகியிருந்தால் சந்தேகமில்லாமல் பலம் கூடியிருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது செட்டில் மட்டும் கூடியிருந்தால் அது ஓய்வின் வேலை. நோட்டில் எடை, ரெப் பக்கத்திலேயே ஓய்வையும் எழுதுங்கள்: ‘50 × 10, 9, 8 — 3 நிமி.’ ஒரு பயிற்சிக்கு ஓர் ஓய்வு என்று முடிவு செய்தால் ஆறு எட்டு வாரம் அதை மாற்றாதீர்கள்.

கேள்வி: கிரியேட்டின் எடுத்தால் ஓய்வைக் குறைத்துக்கொள்ளலாமா?

தினம் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தசையிலுள்ள சேமிப்பைக் கூட்டும். பின்செட்டுகளில் ஒன்றிரண்டு ரெப் அதிகம் வரும். அந்த லாபத்தை ரெப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள், ஓய்வைக் குறைத்துச் செலவழிக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கேள்வி: இரண்டாவது செட் முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் மெஷினில் வேறொருவர். அவர் முடிக்கப் பத்து நிமிடம். அதற்குள் எல்லாம் வீணாகிவிடுமா?

எதுவும் வீணாகாது. முன்பு செய்த இரண்டு செட்டும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்குப் பிறகு நேராக முழு எடையில் குதிக்காமல், பாதி எடையில் ஐந்தாறு ரெப் செய்து ஒரு நிமிடம் விட்டு மூன்றாவது செட்டுக்குப் போங்கள். அந்த செட்டில் வழக்கத்தைவிட ஒரு ரெப் கூட வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், நோட்டில் ‘10 நிமி.’ என்று மறக்காமல் குறித்துவிடுங்கள். அடுத்த முறை அவரிடமே “மாறி மாறிச் செய்யலாமா?” என்று கேட்டுவிடுங்கள். அவர் தூக்கும் நேரமும் மெஷினில் எடையை மாற்ற ஊசியை இடம் மாற்றும் நேரமும் சேர்ந்து உங்களுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் ஓய்வு கிடைத்துவிடும்.